பூர்ணியின் இதயமும் என் விசிலும்

"ஐயா, ஆறாம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் என் மகள் பூர்ணிமா இதயத்தில் சத்தம் உடையவள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆகவே ஓட்டம், தாண்டுதல் மற்றும் அவை சார்ந்த செயல்பாடுகளிலிருந்து அவளுக்கு விலக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறு உத்தரவு வரும்வரை."

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழ் என்னுடையது. தேதி ஜூலை 14, வியாழக்கிழமை. மேல் மூலையில் "பெற்றேன், காலை 8.10" என்று பச்சை மையில் எழுதி என் சுருக்கொப்பத்தை இட்டிருக்கிறேன். பூர்ணியின் அப்பா புணேயின் கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். நட்டும் போல்ட்டும் கேட்டு எழுதிப் பழகிய கை, மகளுக்காக எழுதினாலும் அப்படித்தான் எழுதும். "அவை சார்ந்த செயல்பாடுகள்" என்ற சொற்றொடர் எனக்கு மிகவும் பிடித்துப்போய், இரண்டு முறை படித்தேன். துளையிட்டுக் கோப்பில் போட்டேன். கோப்பின் பெயர் "விலக்குகள்". அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை.

புணேயிலும் பிம்ப்ரியிலும் இந்த ஆண்டு பி.டி. ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும், குழந்தைகளை எவ்வளவு வேகமாக ஓடவிடலாம், இதயத்துக்கு எது நல்லது, எது ஆபத்து என்று என்னைக் கேட்டீர்கள். புத்தகத்தில் இருப்பதை நீங்களே படித்திருப்பீர்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அதில் மூச்சு வாங்கும் வேலை இருக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டு விசில் ஊதியவன் என்ற முறையில் இதில் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த பிசகு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பூர்ணி அதன்பிறகு மைதானத்தின் ஓரத்தில் குல்மோஹர் மரத்தடியில் உட்கார்ந்தாள். குண்டான, சிடுசிடுப்பான பதினொரு வயதுப் பெண். ஓட்டம் அவளுக்கு அறவே பிடிக்காது. கடிதம் கொடுத்த அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பரீட்சை ரத்தான அன்றுகூட நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. சும்மா இருக்கிறாளே என்று அவளிடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்தேன். அந்தப் பதிவேடு என் கண்டுபிடிப்பு என்று சில ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்; பிறகு உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ளது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று கட்டம்: பாட முடிகிறது, பேச முடிகிறது, பேச முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பாடச் சொல்ல வேண்டும். பாடினால் அது வெறும் உலாத்தல். பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் அதுதான் கடும் உழைப்பு. கருவி எதுவும் வேண்டாம்; ஒரு பென்சில் போதும்.

குழந்தைகள் பாடுவதற்கு எடுத்துக்கொண்டது கணபதி ஆரத்தி. ஒன்பது மணி வெயிலில் முப்பது பேர் மூச்சிரைக்க ஆரத்தி பாடிக்கொண்டு சுற்றி வருவதைப் பார்த்து, ஒரு நாள் தெருவில் போன மூதாட்டி கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். ஓம்கார் என்று ஒரு பையன் இருந்தான். அவனை எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் பேச்சு நிற்காது. பூர்ணி அவனுக்காக நான்காவது கட்டம் ஒன்றை வரைந்து "பேசாமல் இருக்க முடியவில்லை" என்று தலைப்பிட்டிருந்தாள்.

நாடி எண்ணவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். மணிக்கட்டில் இரண்டு விரல், பதினைந்து வினாடி, நான்கால் பெருக்கு. என்னைவிட வேகமாகக் கற்றாள், என்னைவிடத் துல்லியமாக எண்ணினாள். மூன்று ஆண்டில் பள்ளியிலுள்ள எல்லாக் குழந்தைகளின் இதயத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய நாடியை யாரும் எண்ணவில்லை. நானும்தான். இதை எழுதும்போதுதான் இந்த வாக்கியம் எவ்வளவு மோசமானது என்று தெரிகிறது.

இனி, பெருந்தொற்றுக்கு முந்தைய கடைசிக் கணபதி விழாவுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, மாலை 6.20. ஆற்றில் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. போபோடியில் காய்கறி வாங்கிக்கொண்டு முளா ஆற்றுப் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். கீழே டோல் மேளச் சத்தம். புணேக்காரர்களுக்கு இது புதிதல்ல. கணபதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஆற்றங்கரைகளில், டோல் என்ற பெரிய மேளமும் தாஷா என்ற சிறிய மேளமும் அடிக்கும் டோல்-தாஷா குழுக்கள் பயிற்சி செய்யும். கல்லூரிப் பிள்ளைகள், ஐடி வேலைக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு குழுவிலும் அறுபது எழுபது பேர். இடுப்பில் கட்டும் அந்த டோலை நீங்கள் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பாருங்கள். பிறகு அதைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அடித்தபடி குதித்துப் பாருங்கள். எங்கள் பள்ளியின் எந்தப் பி.டி. வகுப்பும் அதன் பக்கத்தில் வர முடியாது.

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக, நெற்றியில் காவித் துணி கட்டி, தன் உயரத்தில் பாதி இருந்த டோலை ஒரு கையால் குச்சிகொண்டும் மறு கையால் உள்ளங்கைகொண்டும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள் பூர்ணி.

அவள் இதயத்தில் சத்தம். இது ஒன்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு இறங்கும் படியில் ஓடினேன். சேறு. ஒரு கத்தரிக்காய் உருண்டது, விட்டுவிட்டேன். கிட்டே போய் "பூர்ணி! நிறுத்து!" என்று கத்தினேன். அறுபது டோலுக்கு முன் மனிதக் குரல் எடுபடுமா? அப்போது ஒரு பி.டி. ஆசிரியருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை எனக்கு வந்தது. சட்டைப்பையில் விசில் இருந்தது. எடுத்து, உயிர் போகும்படி ஊதினேன். அதுவரை நான் விசில் ஊதி ஒரு குழந்தைகூட நிற்காமல் இருந்ததில்லை.

டோல்-தாஷாக் குழுக்களில் விசில் என்றால் வேறு பொருள் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குழுவில் ஒரு விசில் என்றால், அடுத்த தாளத்துக்குப் போ.

அறுபது பேரும் ஒரே நொடியில் வேகம் பிடித்தார்கள்.

பதறிப்போய் மறுபடி ஊதினேன். இன்னும் வேகம். தாஷாக்காரர்கள் என்னைப் பார்த்து உற்சாகமாகத் தலையாட்டினார்கள். மூன்றாவது முறை ஊதினேன்; அதற்குமேல் அவர்களிடம் வேகம் இல்லை என்று பின்னர் தெரிந்தது. அது ஊர்வலத்தின் கடைசியில் மட்டும் வாசிக்கும் உச்சம். பூர்ணி குதித்துக் குதித்து அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையின் இதயத்தைக் காப்பாற்றப் போன நான், அதை என் வாயாலேயே கடைசிக் கியருக்குத் தள்ளிவிட்டிருந்தேன்.

"காகா! பஸ் கரா!" என்று மராத்தியில் ஒரு பெண் குரல்; போதும் நிறுத்துங்கள் மாமா என்று பொருள். குழுத் தலைவி ஓடிவந்து கையை உயர்த்தினாள். அறுபது டோலும் ஒரே அடியில் நின்றன. அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். சாகணில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். எல்லாரும் தாயி என்றுதான் கூப்பிட்டார்கள், மராத்தியில் அக்கா. இந்தியில் என்னிடம் கேட்டாள்: "காகா, நீங்கள் எந்தக் குழு? எங்கள் பயிற்சியை ஏன் நடத்துகிறீர்கள்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "இந்த... பெண்..." அதற்குமேல் வரவில்லை.

பூர்ணி டோலை அவிழ்த்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது, வியர்வை கொட்டியது. ஆனால் பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது.

"அரே சார், நீங்க மொதல்ல உக்காருங்க. இப்படி யாராவது படியில ஓடி வருவாங்களா, அதுவும் செருப்புல? தாயி, குடிக்கப் பாணி இருக்கா? இவர் எங்க பி.டி. சார், ரொம்ப நல்லவரு, கொஞ்சம் டென்ஷன் ஆயிடுவாரு, அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாயியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து வினாடி எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு. நாலால பெருக்கினா நூத்தி அறுபத்திநாலு. சார், நீங்க மூணாவது கட்டம்."

"உன்... நாடி..."

"பேசாதீங்க சார். பேச முடியலைன்னா பேசச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

நண்பர்களே, அறுபது பேர் சுற்றி நிற்கக் கருங்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது புத்தி வேலை செய்யாது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் செய்தது. அவளைத் தனியே அழைத்து, அந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓடும்போதோ ஓடி முடித்த உடனேயோ எப்போதாவது மயங்கி விழுந்தாயா? நெஞ்சில் வலி? காரணமில்லாமல் படபடப்பு? கூட ஆடுகிறவர்களைவிட உனக்கு மட்டும் அதிகமாக மூச்சு முட்டுகிறதா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் விளையாட்டு அந்த நொடியே நிற்க வேண்டும், டாக்டர் பார்க்கும்வரை.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். "இது ரெண்டாவது வருஷம் சார். ஒண்ணும் ஆகலை. மொத வருஷம் பத்து நிமிஷத்துல நாக்கு தள்ளும். இப்ப மஸ்த், ரெண்டு மணி நேரம் தாங்குது."

"வீட்டில் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும். கையெழுத்து அவங்கதான் போட்டாங்க. அப்பாவுக்கு..." நிறுத்தினாள்.

"அப்பாவிடம் எங்கே போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாய்?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பி.டி. சார் ஸ்கோர் எழுதக் கூப்பிட்டாருன்னு."

இரண்டு ஆண்டாக, எனக்கே தெரியாமல், கணபதிப் பயிற்சிக் காலம் முழுக்க வாரத்தில் ஐந்து மாலை நான் போட்டி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் நன்றாக இருப்பதுபோலத் தெரிவது டாக்டர் சொன்னதற்கு ஈடாகாது. டோலைப் பிடுங்கிவிட்டு மரத்தடியில் உட்காரவைப்பது எனக்குச் சுலபம். அதைத்தான் மூன்று ஆண்டாகச் செய்திருந்தேன். பிள்ளையார் சிலைகளைக் கரைக்கும் நாள் ஊர்வலத்துக்கு மூன்று வாரமே இருந்தது. அவளுக்கு அந்த ஊர்வலம் எவ்வளவு பெரிது என்பது, அதுவரை சிடுசிடுத்தே பார்த்த முகத்தில் கண்ணீர் நின்றதைப் பார்த்தபோது தெரிந்தது.

"டாக்டர் பார்க்கும்வரை டோல் கிடையாது," என்றேன். "பார்த்தபிறகு அவர் சொல்வதுதான். அப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கிற நாள்வரை உனக்குத் தவணை. அன்றும் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்."

இந்தத் தவணை கொடுத்தது சரிதானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் உங்களோடு வாதாட மாட்டேன்.

தாயி கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, டாக்டர் சீட்டு வரும்வரை இவள் தாளம் எண்ணட்டும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "காகா, விசில் உள்ளே."

மறுநாள், புதன்கிழமை மாலை, பூர்ணி வீட்டுக்குப் போனேன். போபோடியில் மூன்றாம் மாடி. படியேறும்போது எனக்கு முன்னால் பூர்ணி வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, மகளின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனார்.

"வாங்க சார், வாங்க," என்றார் என்னைப் பார்த்ததும். "பிள்ளைக்கு ஏதும்... வகுப்புல மயங்கிட்டாளா?"

"இல்லை, இல்லை. நன்றாக இருக்கிறாள். பையை அவளே தூக்கலாமே?"

"அய்யோ, நெஞ்சுல சத்தம் இருக்கிற பிள்ள சார். மூணு வருசமா ஒரு நாள் தூக்க விட்டதில்ல. மெதுவா ஏறுட்டி, மெதுவா!"

பூர்ணி மெதுவாக ஏறினாள். எவ்வளவு அழகாக மெதுவாக ஏறினாள் என்றால், நாடகப் போட்டிக்கு ஏன் அவளை அனுப்பவில்லை என்று தோன்றியது.

வீட்டில் அவர் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். எனக்குக் கோப்புகளைக் கண்டால் மரியாதை வரும். இது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பூர்ணியின் தடுப்பூசி அட்டையிலிருந்து எல்லாம் தேதி வாரியாக. அதில் அந்த ஜூலை மாதத்து டாக்டர் சீட்டும் இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் எழுதியது: காய்ச்சல், இதயத்தில் மெல்லிய முணுமுணுப்பு கேட்கிறது, காய்ச்சல் விட்டபின் இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

"மறுபடி என்ன சொன்னார்?" என்றேன்.

அவர் கோப்பின் நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். "போகல சார். அந்தச் சமயம் பாத்து ஆபீஸ்ல ஆடிட் வந்துட்டு."

"அடுத்த மாதம்?"

"அடுத்த மாசம் மழை."

"அதற்கடுத்து?"

அவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். சமையலறையில் பூர்ணியின் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"போனா என்ன சொல்லுவாகளோன்னு இருந்துச்சு சார். ஒத்தப் பிள்ள. போகாத வரைக்கும் அது வெறும் சத்தந்தானே."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பயத்தினால் போகவில்லை. நான் கோப்பில் போட்டுவிட்டதனால் கேட்கவில்லை. என் பிசகுக்குப் பயம் என்ற காரணம்கூடக் கிடையாது.

"வெள்ளிக்கிழமை போவோம்," என்றேன். "நானும் வருகிறேன்."

வெள்ளிக்கிழமை காலை குழந்தைகள் இதய டாக்டரின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஐம்பது வயது மராத்தி அம்மையார். கேள்விகளை விரலில் எண்ணிக் கேட்பவர். கேட்டார், நெஞ்சில் குழாய் வைத்தார், படுக்கவைத்துக் கேட்டார், உட்காரவைத்துக் கேட்டார். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். கடைசியாக டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். பட்டை வேகம் கூடக்கூட அவள் அப்பா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் தடம் மதியம்வரை இருந்தது.

திரும்ப அறைக்கு வந்ததும் டாக்டர் தாள்களைப் புரட்டினார். "இதயம் நன்றாக இருக்கிறது. அந்தச் சத்தம் ரத்தம் ஓடுகிற சத்தம்தான். நிறையக் குழந்தைகளுக்கு உண்டு, காய்ச்சலின்போது பலமாகக் கேட்கும். எந்தத் தடையும் வேண்டாம். ஓடலாம், குதிக்கலாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் மேல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நெடுநேரம் துடைத்தார்.

"ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை," என்றார் டாக்டர். "மூன்று வருஷம் விளையாடவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"ஒரு அடி ஓட விட்டதில்ல டாக்டர்," என்றார் அப்பா பெருமையாக, அவருடைய இந்தியில். "முழு ஜாக்கிரதை."

"உட்கார்ந்தே இருந்த பிள்ளை பட்டையில் இவ்வளவு நேரம் தாங்காது. இறங்கிய இரண்டு நிமிடத்தில் நாடி தணிந்துவிட்டது. போன வாரம் கால்பந்து ஆடுகிற ஒரு பையன் வந்தான், அவனே இவளைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டான். நீ என்ன செய்கிறாய் பேட்டா?"

பூர்ணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தேன். தவணை அன்றோடு முடிகிறது.

"டோல் வாசிக்குதேன்," என்றாள் தமிழில், அப்பாவிடம். "ரெண்டு வருசமா. ஆத்தங்கரையில. தினம் ரெண்டு மணி நேரம்."

அப்பா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"டோல் என்ன கனம் இருக்கும்?"

"உங்க ஸ்கூட்டர் ஸ்டெப்னி ரெண்டு சேத்தாப்ல இருக்கும்பா."

"அட பாவி மவளே! மூணு வருசமா உன் புஸ்தகப் பையை நான் மூணு மாடி தூக்கிட்டு ஏறுதேனே!"

அவர் முகம் சிவந்த சிவப்பில் டாக்டர் எழுந்தேவிட்டார். மொழி புரியாவிட்டாலும் நிறம் புரிந்தது. "நீங்கள் உட்காருங்கள்," என்று ரத்த அழுத்தப் பட்டையை அவர் கையில் சுற்றினார். குழந்தைகள் டாக்டரிடம் வந்து, பூர்ணிக்கு ஒரு மருந்தும் இல்லாமல், அப்பாவுக்குத்தான் வேறொரு டாக்டரைப் பார்க்கச் சீட்டு கிடைத்தது. தினம் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், இந்த வாரமே போய்க் காட்ட வேண்டும். "இரண்டு வாரத்தில் என்று எழுதினால் மூன்று வருஷம் ஆகும்போல இருக்கிறதே," என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பினோம். கட்கி ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிவதற்குள் அவர் மகளிடம் கேட்டார்.

"ஊர்வலம் எத்தனை மணி நேரம்?"

"ஏழு, எட்டு ஆகும்பா."

"நானும் கூட வருவேன். தண்ணி பாட்டில் கொண்டுட்டு."

"அப்பா, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எங்கிட்ட பொய் சொன்னதுக்கு அதான் தண்டனை."

செப்டம்பர் 12, வியாழக்கிழமை, கரைப்பு நாள். பூர்ணி வெள்ளைக் குர்தாவும் காவித் தலைப்பாகையுமாக மூன்றாம் வரிசையில். வரிசைக்கு வெளியே, கயிற்றுக்கு அப்பால், இரண்டு தோளிலும் நான்கு பாட்டில்களோடு அவள் அப்பா. அவருக்குப் பின்னால் நான். கிளம்பும் முன் தாயி என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து விசில் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

முதல் சௌக்கில், அதாவது நாற்சந்தியில், அப்பா உற்சாகமாக இருந்தார். இரண்டாவதில் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். மூன்றாவதில் தாளம் நின்ற இடைவெளியில் பூர்ணி கயிற்றருகே வந்தாள்.

"அப்பா, ஆரத்தி பாடுங்க."

"இப்ப... எதுக்கு..."

"சார், மூணாவது கட்டம்," என்றாள் என்னிடம். ஒரு பாட்டிலை எடுத்து அப்பாவுக்கே கொடுத்தாள். அவரை ஒரு கடைப் படியில் உட்காரவைத்து, நாடி எண்ணி, அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு, டோல் சத்தம் தூரத்தில் தேய்வதைக் கேட்டோம். "நல்ல சத்தம்தான் சார்," என்றார் அவர், வெகுநேரம் கழித்து.

கணபதி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் "விலக்குகள்" கோப்பை மேசையில் கொட்டினேன். முடிவுத் தேதி இல்லாத கடிதங்கள் இன்னும் பதினொன்று இருந்தன. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கு, நான்கு ஆண்டாக. ஒரு பையன் பள்ளியை விட்டே போயிருந்தான்; அவனுக்கு இன்னும் விலக்கு நடப்பில் இருந்தது. இன்னொரு பையனுக்கு உண்மையிலேயே இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவனுடைய டாக்டரைக் கேட்டபோது, நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், மோதி விளையாடும் ஆட்டங்கள் மட்டும் கூடாது என்று தெளிவாக எழுதிக்கொடுத்தார். உண்மையான நோயாளிக்கே இவ்வளவு அனுமதி இருந்தது. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த விலக்குக் கடிதம் வந்தாலும் "மறுபடி எப்போது?" என்று கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்த பிறகே துளையிட்டேன். நீங்களும் அப்படிச் செய்தால், இந்தக் கட்டுரையை இதற்குமேல் படிக்காவிட்டாலும் பாதகமில்லை.

படிப்பவர்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோவில் இறங்கும்போது பூர்ணியின் அப்பா என்னிடம், "அந்த லெட்டர்ல எத்தன நாள்னு நான் எழுதவே இல்ல சார். ரெண்டு வாரத்துல நீங்களே கேப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா, நகல் வைத்திருந்தார்; வீட்டில் எடுத்துக் காட்டினார். நகலில் கடிதம் "கேட்டுக்கொள்கிறேன்" என்பதோடு முடிந்து, கீழே அவர் கையெழுத்து. "மறு உத்தரவு வரும்வரை" என்ற வரியே இல்லை.

என் கோப்பில் உள்ள மூலத்தில் அந்த வரி இருக்கிறது. கடிதம் நீல மையில். அந்த ஒரு வரி மட்டும் பச்சை மையில், ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில்; யார் கை என்று அதில் தெரியாது.

எங்கள் பள்ளியில் பச்சை மையில் எழுதியவன் நான் ஒருவன்தான். கோப்பில் போடும் முன் காகிதத்தில் குறிப்பு எழுதும் பழக்கமும் எனக்கு உண்டு. ஆனால் கடிதத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஓட்டமே பிடிக்காத ஒரு பதினொரு வயதுப் பெண். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் நாலு கலர் பேனா இருக்கும். என் நாட்குறிப்பில் ஜூலை 14-க்கு "மழை. மைதானம் சேறு. வகுப்பு இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

பூர்ணி இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கணபதி சமயத்தில் முதல் வரிசையில் வாசிக்கிறாள். போன மாதம் ஆற்றங்கரையில் பார்த்தபோது நேராகவே கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தாள், அல்லது யோசிப்பதுபோல இருந்தாள்.

"அந்த நாலு கலர் பேனா ஞாபகம் இருக்கு சார். அதுல பச்சைதான் மொதல்ல தீந்துது," என்று சொல்லிவிட்டு டோலைக் கட்டிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

ஆகவே பதிவுக்காக: ஒரு குழந்தையை மூன்று ஆண்டு மரத்தடியில் உட்காரவைத்த அந்த மூன்று சொற்களை எழுதியது அவளா, நானா என்பது இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.